அட்டகாமா பாலைவனத்தில் நீர்த்தவளையா? ஒரு பழைய பம்ப்காரனின் குறிப்புகள்

வாசகர் கேள்வி:
"சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்தில் தண்ணீரை விட்டு வெளியே வராத தவளை ஒன்று இருந்ததாம். ஓடை வற்றிப்போய் 14 மட்டும் மிச்சமாம். அவற்றைத் தலைநகருக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்களாம். இப்படி ஒரு வீடியோ சுற்றுகிறது. மழையே பெய்யாத இடத்தில் நீர்த்தவளையா? காதில் பூ சுற்றுகிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. அந்தப் பக்கம் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்."

3 மே 2025

பூ இல்லை தம்பி, உண்மைதான். நான் 2011 முதல் 2014 வரை அட்டகாமாவில் இருக்கும் கலாமா ஊரில் இருந்தவன். சொந்த ஊர் கோயம்புத்தூர் பக்கம், தொழில் பம்ப். சுரங்கங்களுக்குத் தண்ணீர் போகும் குழாய்ப் பாதைகளில் பம்ப் பராமரிக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் வேலை. நீங்கள் சொல்லும் தவளை கலாமா ஊருக்கு வெளியே லாஸ் காஸ்காதாஸ் என்ற இடத்து ஓடையில் இருந்தது. அந்தப் பெயருக்கு 'அருவிகள்' என்று அர்த்தம். அருவி என்றதும் குற்றாலத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஊற்று கசிந்து, கல்லில் வழிந்து, கொஞ்ச தூரம் ஓடி, நாணலுக்குள் போய் மறையும் தண்ணீர். அவ்வளவுதான்.

நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். போட்டோகூட எங்கேயோ இருக்கிறது. தேடிப் போடுகிறேன்.

3 மே, சாப்பிட்டுவிட்டு வந்து

பெயர் சொல்ல மறந்துவிட்டேன். தெல்மடோபியஸ் டாங்கோய். 1999இல்தான் தனி இனம் என்று எழுதி வைத்தார்கள். டாங்கோ பிர்ன்சிச் என்ற சிலி நாட்டு மரபியலாளரின் நினைவாக வைத்த பெயர். உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பு, புள்ளி புள்ளியாக முதுகு, பின்னங்காலில் நல்ல சவ்வு. வாழ்க்கை முழுக்கத் தண்ணீருக்குள்தான். உலகத்தில் அந்த ஒரு இடத்தில் மட்டும்தான் அது இருந்தது என்று வைத்திருந்தார்கள். (இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அப்புறம் வருகிறேன்.)

4 மே

"மழை இல்லாத இடத்தில் ஊற்று எப்படி?" என்று அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. நான் போன புதிதில் எனக்கும் இதே குழப்பம்தான்.

கலாமாவில் வருடத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மழை. மூன்று வருடத்தில் நான் குடை என்ற பொருளையே பார்க்கவில்லை. ஆனால் கிழக்கே பொலிவியா எல்லையை ஒட்டி மலைத்தொடர் இருக்கிறது. ஐந்தாயிரம், ஆறாயிரம் மீட்டர் உயர எரிமலைகள். ஜனவரி, பிப்ரவரியில் அங்கே மழையும் பனியும் விழும். அது எரிமலைப் பாறைக்குள் இறங்கி, மண்ணுக்கடியில் மெதுவாக நகர்ந்து, எங்கேயாவது கீழே ஊற்றாக வெளியே வரும். மெதுவாக என்றால் நம் பேரன் காலத்துக் கணக்கு. இன்று வெளியே வரும் தண்ணீரில் ஒரு பகுதி, மனிதர்கள் கணக்கெழுத ஆரம்பிப்பதற்கு முன்னால் பெய்தது என்கிறார்கள்.

அப்படி ஊற்று வந்த இடத்தில் மட்டும் பச்சை. மேலே மலையில் அந்தப் பச்சைக்கு போஃபெதால் என்று பெயர். மெத்தை மாதிரி இறுகிய செடி, காலை வைத்தால் பொதபொதவென்று தண்ணீர் ஊறும். லாமாவும் அல்பாகாவும் மேயும். பத்தடி தள்ளி நடந்தால் உப்பும் கல்லும்தான். ஒரு பச்சைக்கும் அடுத்த பச்சைக்கும் நடுவில் ஐம்பது கிலோமீட்டர் காய்ந்த தரை இருக்கலாம். தோல் வழியாக மூச்சுவிடும் தவளைக்கு அது கடல் மாதிரி. அதனால்தான் ஒவ்வொரு ஊற்றுக்கும் ஒரு தவளை. தீவுக்குத் தீவு குருவி மாறுகிற மாதிரி.

4 மே

ஒரு திருத்தம். வீடியோவில் "வானுயர மலையில்" என்று பின்னணி இசையோடு சொல்கிறார்களே, கலாமா 2,260 மீட்டர்தான். ஊட்டி 2,240. லாஸ் காஸ்காதாஸ் தவளை ஊட்டி உயரத்துத் தவளை. அதன் சொந்தக்காரர்கள்தான் இன்னும் மேலே இருப்பவர்கள். பெரு நாட்டில் வில்கனோத்தா மலையில் 5,200 மீட்டருக்கு மேல், பனிப்பாறை உருகிப் பின்வாங்கிய குட்டைகளிலும் இந்தக் குடும்பத்துத் தவளையைப் பார்த்திருக்கிறார்கள். பனி உருகுவதைப் பின்தொடர்ந்து ஏறிப்போயிருக்கிறது.

6 மே

மூச்சு விஷயத்தை ஒரு பம்ப்காரனாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அப்படித்தான் புரிந்தது.

கடல் மட்டத்தில் ஒரு பம்ப் கணக்குப்படி பத்து மீட்டர் வரை தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சுவது பம்ப் இல்லை, வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம்தான் தண்ணீரைத் தள்ளுகிறது. 4,000 மீட்டர் உயரத்தில் அந்த அழுத்தம் சுமார் 60 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். ஆகவே அங்கே பத்து மீட்டர் என்பது ஆறு மீட்டர் சொச்சம். இதை மறந்து பம்பை ஊற்றுக்கு மேலே வைத்துவிட்டு, தண்ணீர் ஏறவில்லை என்று மோட்டாரைக் குறை சொன்ன ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். (ஒருவர் நான்தான். முதல் வாரம்.)

அதே அழுத்தம்தான் ஆக்ஸிஜனையும் தண்ணீருக்குள் தள்ளுகிறது. அழுத்தம் குறைந்தால் தண்ணீரில் கரையும் ஆக்ஸிஜனும் குறையும். தண்ணீர் குளிராக இருப்பதால் கொஞ்சம் ஈடு கட்டும், முழுக்க இல்லை. அதில் முழுகிக்கொண்டே வாழ வேண்டும் என்றால் என்ன செய்வது? இந்தக் குடும்பத்தில் மூத்தவரான, பெரு-பொலிவியா எல்லையில் இருக்கும் தித்திகாக்கா ஏரித் தவளையைப் பாருங்கள். உடம்புக்குத் தைத்த தோல் இரண்டு சைஸ் பெரியது. தொளதொளவென்று மடிப்பு மடிப்பாகத் தொங்கும். அந்த மடிப்பு முழுக்க ரத்தக் குழாய். நுரையீரல் சுருங்கிப் பெயருக்கு இருக்கிறது. ரத்த சிவப்பணுக்கள் மிகச் சின்னவை, எண்ணிக்கையோ மிக அதிகம். 1970களில் ஆய்வகத்தில் அதை மேலே வரவிடாமல், ஆக்ஸிஜன் குறைந்த தண்ணீரில் வைத்துப் பார்த்தார்கள். அது தண்டால் எடுப்பது போல் உடம்பை ஏற்றி இறக்கி, தோல் மடிப்பை ஆட்டிவிட்டுக்கொண்டது. புதுத் தண்ணீர் தோலில் பட வேண்டும் என்பதற்காக.

அதாவது பம்ப் வைத்திருக்கிறது. உள்ளே வைக்காமல் வெளியே வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

6 மே

"எவ்வளவு பெரியது" என்று கேட்டவருக்கு: தித்திகாக்கா தவளை பெரிய உருப்படி. நீர்மூழ்கிப் பயணி குஸ்தோவின் குழு அந்த ஏரியில் இறங்கியபோது, கால் நீட்டி அளந்தால் அரை மீட்டர், எடை ஒரு கிலோ என்று சொல்லும் அளவுக்குப் பார்த்ததாகப் பதிவு. இன்று கிடைப்பவை அவ்வளவு பெரிதில்லை. லோவா தவளை (நம் கலாமாத் தவளைதான், அங்கே ஓடும் லோவா ஆற்றின் பெயரில் இப்படியும் சொல்வார்கள்) அதற்குப் பேரப்பிள்ளை மாதிரி. ஆனால் இந்தக் குடும்பத்துத் தலைப்பிரட்டைகள் பெரிது. நம் ஊர்க் குட்டையில் மிளகு சைஸில் கும்பலாக நெளிகிறதே, அப்படி இல்லை. விரல் நீளம் வரும், அவசரமே படாது, மாதக்கணக்கில் வாலோடு இருக்கும்.

9 மே

போட்டோ கிடைத்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

போட்டுவிடலாம் என்று எடுத்த நேரத்தில் இங்கே ஒரு அக்கா கேட்டார்கள், "நீங்கள் பக்கத்தில் போனதும் அது என்ன செய்தது?" என்று. யோசித்தேன். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அது தரையில் தத்தித் தத்திப் போய் ஒரு கல்லுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. நான் கல்லைச் சுற்றி வந்து மறுபடி எடுத்தேன்.

தரையில். தத்தி. கல்லுக்கு அடியில்.

நீரை விட்டு வராத தவளை எதற்குக் கல்லுக்கு அடியில் போகிறது? போட்டோவைப் பெரிதாக்கினால் பின்னால் வெள்ளையாக ஒன்று. மேகம் என்று நினைத்திருந்தேன். அது ஆவி. எல் தாத்தியோ வெந்நீர் ஊற்றுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது எடுத்தது. 4,200 மீட்டருக்கு மேல் இருக்கும் இடம். அங்கே ஓடுகிற வெதுவெதுப்பான வாய்க்கால் ஓரத்தில் ஒரு தேரை உண்டு, ரினெல்லா ஸ்பினுலோசா என்று பெயர், ஆண்டீஸ் முழுக்கப் பரவலாக இருப்பது. முதுகில் முள்ளு முள்ளாகப் பரு. போட்டோவில் பருவும் தெளிவாகத் தெரிகிறது.

ஆகவே, 3 மே குறிப்பில் "நேரிலேயே பார்த்திருக்கிறேன்" என்றதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பார்த்தது தேரை. தவளையிலிருந்து காரில் பதினைந்து நிமிடத் தூரத்தில் மூன்று வருடம் குடியிருந்தும் தவளையைப் பார்க்கவில்லை. பத்து வருடமாக எல்லோரிடமும் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் பெண்ணின் பள்ளி ப்ராஜெக்ட்டில்கூட அந்தத் தேரை தவளையாகப் போயிருக்கிறது. ஏழு மார்க் வாங்கியது.

10 மே

அந்த 14 கதை. இது வெளிவந்த செய்திகளில் இருந்து சொல்வது, என் அனுபவம் இல்லை. நேற்றைய அனுபவத்துக்குப் பிறகு இதைத் தனியாகச் சொல்லிவிடுவது நல்லது.

2019 நடுவில் ஆய்வாளர்கள் லாஸ் காஸ்காதாஸ் போனபோது ஓடை இல்லை. ஓடை இருந்த தடம்தான் இருந்தது. கடைசியாகச் சேறு கலந்த சின்னக் குட்டை ஒன்று. அதில் 14 தவளைகள், எலும்பும் தோலுமாக. அப்படியே விட்டால் சில நாள். அவற்றைப் பிடித்து சாந்தியாகோவில் இருக்கும் தேசிய விலங்குக் காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். கலாமாவில் இருந்து ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர்.

கொண்டுபோனதோடு முடியவில்லை. இந்தத் தவளைக்கு எந்தத் தண்ணீர், எத்தனை டிகிரி, என்ன தீனி என்று யாரும் அதுவரை வளர்த்துப் பார்த்ததே இல்லை. லோவா ஆற்றுத் தண்ணீர் லேசுப்பட்டது இல்லை. உப்பு, போரான், ஆர்சனிக் மூன்றும் இயற்கையாகவே உண்டு. அந்தப் பகுதி மலைத் தண்ணீரின் ஆர்சனிக் எப்படிப்பட்டது என்றால், 1958இல் மலையாற்றுத் தண்ணீரை அந்தோஃபகாஸ்தா நகரத்துக்குக் குடிக்கக் கொண்டுவந்து, 1970இல் சுத்திகரிப்பு நிலையம் வரும்வரை ஊரே அதைக் குடித்தது. அதன் புற்றுநோய்க் கணக்கை இன்றுவரை மருத்துவ ஆய்வாளர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மனிதனுக்கு ஆகாத அந்தத் தண்ணீர்தான் தவளைக்குத் தாய்வீடு. நல்ல குழாய்த் தண்ணீரில் போட்டுவிட முடியாது.

2020 அக்டோபரில் அந்தக் காட்சியகத்தில் 200 தலைப்பிரட்டைகள் பொரித்ததாகச் செய்தி வந்தது. கொரோனா வீட்டடங்கில் அதைப் படித்தேன். எங்கள் வீட்டில் யாருக்கும் புரியாத காரணத்துக்காக அன்று பாயசம் வைக்கச் சொன்னேன்.

11 மே

"யார் தண்ணீரை எடுத்தது? சுரங்கம்தானே? நீங்களும்தானே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

வெளியே சொல்லப்பட்ட காரணம் ஒன்று இல்லை. அனுமதியில்லாமல் தண்ணீர் எடுத்தது, சுரங்கம், விவசாயம், வீட்டு மனைகள், கழிவு, எல்லாம் சேர்ந்து. சூக்கிகமாத்தா செப்புச் சுரங்கம் பக்கத்திலேயே இருக்கிறது. நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளமான குழி. தாமிரப் பாறையை அரைத்துப் பிரிக்கத் தண்ணீர் இல்லாமல் ஒன்றும் நடக்காது. லோவா சிலியிலேயே நீளமான ஆறு, 440 கிலோமீட்டர். ஆனால் கலாமா பாலத்தில் நின்று பார்த்தால் நம் ஊர் வாய்க்கால் அகலம்தான். அதில் எல்லோருக்கும் பங்கு.

பங்கு என்றால் நிஜமான பங்கு. 1981 தண்ணீர்ச் சட்டப்படி அங்கே தண்ணீர் உரிமை நிலத்தோடு ஒட்டாத தனிச் சொத்து. வாங்கலாம், விற்கலாம். வயலை வைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் விற்றுவிட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2022இல் சட்டத்தைத் திருத்தினார்கள். விநாடிக்கு இத்தனை லிட்டர் என்று பத்திரம் இருக்கும். அந்தப் பத்திரத்தில் தவளைக்குக் கால் லிட்டர்கூட யாரும் எழுதி வைக்கவில்லை.

என் பம்ப் லாஸ் காஸ்காதாஸ் ஓடையில் இல்லை. மேலே மலைப்பக்கம் இருந்தது. அதைத் தெளிவாகச் சொல்லிக்கொள்கிறேன்.

11 மே, பின்னிரவு

தூக்கம் வரவில்லை. மேலே எழுதிய கடைசிப் பத்தியை இப்போது படித்தால், பக்கத்துத் தோட்டத்துக்காரர் எங்கள் அப்பாவிடம் சொன்னது அப்படியே கேட்கிறது. எங்கள் கிணற்றிலிருந்து நூறு அடி தள்ளி அவர் 600 அடிக்கு போர் போட்டார். எங்கள் கிணறு அடுத்த கோடையில் தரை தட்டியது. கேட்கப் போன அப்பாவிடம் அவர் சொன்னது: "உங்க கிணத்துல நான் கை வைக்கலையேங்க." பொய் சொல்லவில்லை அவர். கை வைக்கவில்லைதான்.

12 மே

பாரம் அதிகமாகிவிட்டது. ஒரு கல்யாணக் கதை சொல்கிறேன்.

இதே தெல்மடோபியஸ் குடும்பத்தில் பொலிவியாவில் செவென்காஸ் தவளை என்று ஒன்று. அது பாலைவனம் இல்லை, மேகம் உரசும் மலைக்காடு. அங்கே தேடித் தேடி ஒரே ஒரு ஆண்தான் அகப்பட்டது. ரோமியோ என்று பெயர் வைத்து கோச்சபாம்பா அருங்காட்சியகத்தில் தொட்டியில் வைத்திருந்தார்கள். பத்து வருடம் ஒண்டிக்கட்டை. 2018இல் அதற்காக ஆன்லைன் வரன் பார்க்கும் தளத்தில் கணக்கே திறந்தார்கள். நட்சத்திரப் பொருத்தம் எல்லாம் கேட்கவில்லை, அதே இனமாக இருந்தால் போதும் என்பதுதான் ஒரே நிபந்தனை. அதில் திரண்ட பணத்தில் காட்டுக்குள் தேடப்போய், ஒரு பெண்ணையும் இன்னும் சில தவளைகளையும் பிடித்து வந்தார்கள். பெண்ணுக்கு ஜூலியட் என்று பெயர். வேறென்ன வைப்பார்கள்?

லோவா தவளை அந்த வகையில் அதிர்ஷ்டசாலி. 14 பேரில் ஆணும் பெண்ணும் இருந்தார்கள்.

12 மே

தவளை ஜூஸ் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், உண்மை. அது சிலி இல்லை, பெரு. லிமா சந்தைகளில் தித்திகாக்கா பக்கத்துத் தவளையைத் தோலுரித்து மிக்ஸியில் போட்டு, தேன், மக்கா கிழங்கு எல்லாம் சேர்த்து அடித்துக் கொடுக்கிறார்கள். ஆண்மைக்கு நல்லதாம். ஆஸ்துமாவுக்கும் சொல்கிறார்கள். மூச்சுவிடவே தெரியாத பிராணி என்று நாம் நினைப்பதிலிருந்து மூச்சுக்கு மருந்து! 2016இல் தித்திகாக்காவில் சேரும் கோவாத்தா ஆற்றில் மட்டும் பத்தாயிரம் தவளை செத்து மிதந்ததாகக் கணக்கு. ஊர்ச் சாக்கடை நேராக ஆற்றில் விழுவதைத்தான் அங்குள்ளவர்கள் கைகாட்டினார்கள். அது தவிர, எக்வடார் நாட்டில் இருந்த மூன்று தெல்மடோபியஸ் இனங்களும் கண்ணில் படாமலே போய்விட்டன. தோலில் வரும் பூஞ்சை நோயும் அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். தோலால் மூச்சுவிடுபவனுக்குத் தோல் நோய் வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

15 மே

அடைப்புக்குறிக்குள் "அப்புறம் வருகிறேன்" என்று ஒரு சிக்கலை வைத்திருந்தேனே, அது இது. கொஞ்சம் சுற்றிவளைத்து வரும்.

1935இல் ஒரு விஞ்ஞானிகள் குழு சிலி மலைகளுக்குப் போனது. உயரத்தில் மனித உடம்பு எப்படி மூச்சுக்குத் தாக்குப்பிடிக்கிறது என்று தங்கள் ரத்தத்தையே எடுத்துப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஃபிராங்க் கிரெகரி ஹால் என்ற அமெரிக்கர். பொலிவியா எல்லையை ஒட்டிய ஒயாகுவே ஊர்ப் பக்கத்தில் ஒரு வெதுவெதுப்பான ஊற்றில் குளிக்கும்போது தண்ணீரில் தவளை இருப்பதைப் பார்த்துப் பிடித்து வைத்தார்கள். 1938இல் அதற்குத் தெல்மடோபியஸ் ஹாலி என்று அவர் பெயரையே வைத்தார் நோபிள் என்ற ஆய்வாளர். உயரத்தில் மூச்சு எப்படி என்று தெரிந்துகொள்ளப் போனவர்களின் காலடியிலேயே, அந்தப் பரீட்சையை எப்போதோ எழுதி முடித்த ஆள் நீந்திக்கொண்டிருந்திருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், எந்த ஊற்றில் குளித்தோம் என்று சரியாக எழுதி வைக்கவில்லை. அதற்கப்புறம் எண்பது வருடம் ஹாலி தவளையை யாரும் பார்க்கவில்லை. 2018இல் ஒரு குழு கார்கோத்தே உப்பளம் பக்கம் ஒரு ஊற்றைக் காட்டி இதுதான் என்றது. 2020இல் இன்னொரு குழு, இல்லை, வேறு இடம் என்றது. குளித்த இடத்துக்காக இவ்வளவு பெரிய பஞ்சாயத்து.

இப்போது சிக்கல். சமீபத்தில் மரபணுவைப் பார்த்தவர்கள், லோவா தவளையும், சான் பேத்ரோ பக்கத்து விலாமா ஆற்றுத் தவளையும், இந்த ஹாலியும் ஒரே இனம் என்று முன்வைத்திருக்கிறார்கள். அது நிலைத்தால் பழைய பெயர்தான் நிற்கும். டாங்கோய் என்ற பெயர் போய்விடும். ஒரு மரபியலாளரைக் கௌரவிக்க வைத்த பெயரை மரபியலே அழிக்கிறது. மனுஷன் இருந்திருந்தால் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

"அப்படியானால் ஒரே இடத்தில் மட்டும் இருந்த தவளை இல்லையே, வீடியோ பொய்தானே?" என்று உடனே வராதீர்கள். பெயர் ஒன்றானால் ஊற்று ஒன்றாகிவிடாது. கலாமாவில் இருந்தவை அந்தக் குட்டையில் இருந்தவைதான். கார்கோத்தேயில் இருப்பது நடந்துவந்து இங்கே நிரப்பாது. நடுவில் உப்பும் கல்லும் அப்படியேதான் இருக்கிறது. சேலத்தில் சித்தப்பா இருக்கிறார் என்பதற்காக இங்கே வீடு இடிந்ததைக் கணக்கில் சேர்க்காமல் விடுவார்களா?

16 மே

தித்திகாக்கா பக்கத்து ஊர்களில் மழைக்குத் தவளையைப் பிடித்துப் பானையில் போட்டு மலையுச்சியில் வைப்பார்களாம். தண்ணீருக்காக அது கத்துவதைக் கேட்டு மேலே இருக்கிறவர்களுக்கு இரக்கம் வந்து மழை கொடுப்பார்கள். பானை நிரம்பி வழிந்ததும் தவளை தானாக இறங்கிப் போய்விடும். நம் ஊரில் கழுதைக்குக் கல்யாணம் பண்ணுவதைவிட இதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. வேலை முடிந்தால் விடுதலை.

19 மே

வேறொன்று தேடும்போது என் பழைய வேலை நோட்டு கிடைத்தது. 2012. ஊற்றுப் பக்கத்து பம்ப் நிலையம், தேதி, அழுத்தம், ஆம்பியர், விநாடிக்கு லிட்டர். என் கையெழுத்து அப்போது நன்றாக இருந்திருக்கிறது. நடுநடுவே ஓரத்தில் "வடிகட்டி அடைப்பு, கழுவியாச்சு" என்று வருகிறது. கோடையில் பத்து நாளைக்கு ஒரு முறை.

நம் ஊர்க் கிணற்றில் ஃபுட் வால்வைத் (உறிஞ்சு குழாயின் அடி முனையில் இருக்கும் வால்வு) தூக்கினால் என்ன வரும்? பாசி, இலை, நத்தை, சில நேரம் ஒரு தவளை. சின்ன வயதில் அப்பா வால்வைத் தூக்கும்போது நான்தான் பக்கத்தில் நிற்பேன், தவளையை எடுத்துத் திரும்பக் கிணற்றில் போடுவது என் வேலை. ஆனால் அங்கே, அந்த வடிகட்டியில் என்ன இருந்தது? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அதைக் கழுவுவது என் கூட இருந்த உள்ளூர் மயெஸ்த்ரோ. (அங்கே கைவேலை தெரிந்த ஆளை மயெஸ்த்ரோ என்றுதான் கூப்பிடுவார்கள். போர்த்துகீசியர் நமக்குக் கொடுத்துவிட்டுப் போன மேஸ்திரியும் அதே வீட்டுச் சொல்தான். இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை.) குளிரில் கை மரத்துப்போகும் என்று நான் வண்டிக்குள் உட்கார்ந்து மீட்டர் கணக்கை எழுதிக்கொண்டிருப்பேன். அவர் ஹோஸைப் பிடித்து அடித்துவிட்டு, கட்டை விரலைக் காட்டுவார். நான் "கழுவியாச்சு" என்று எழுதுவேன்.

அவர் எண் இன்னும் இருக்கிறது. என் அரைகுறை ஸ்பானிஷில் ஒரு குரல் செய்தி அனுப்பியிருக்கிறேன்.

22 மே

பதில் வந்தது. முதலில் என் பெண் எவ்வளவு பெரியவளாகிவிட்டாள் என்று நாலு நிமிடம். அப்புறம்: "அதுவா, பாசிதான் அதிகம். வால் வைத்த கறுப்புக் குட்டிகளும் இருக்கும், தேரைக் குட்டி. உங்களுக்கு அப்போதே சொன்னேனே, மயெஸ்த்ரோ." எனக்குச் சொன்னதாக ஞாபகமே இல்லை.

தேரைக் குட்டி என்கிறார். அவருக்கும் எனக்கும் தவளை, தேரை வித்தியாசம் எந்த லட்சணத்தில் தெரியும் என்பதை 9 மே குறிப்பில் பார்த்திருப்பீர்கள். தேரையின் தலைப்பிரட்டை சின்னது, கறுப்பு, நகத்தளவு. தெல்மடோபியஸுடையது விரல் நீளம்.

எவ்வளவு நீளம் இருக்கும் என்று திரும்பக் கேட்டிருக்கிறேன். செய்தி போய்ச் சேர்ந்திருக்கிறது, கேட்டும்விட்டார். இன்னும் பதில் போடவில்லை.